நாலரை மணி நேரம் பிந்தி வந்த குரல்

பணகுடிப் பேச்சித்தாயின் குரல் அவளைவிட நாலரை மணி நேரம் பிந்தி ஒலிக்கத் தொடங்கியது, டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்டில்விக் என்ற சின்ன ஊருக்கு அவள் பெட்டியோடு வந்து இறங்கிய முதல் நாளிலேயேதான். ஆனால் பத்தொன்பதாவது நாள் வரை அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை அவள் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய அவசியம் அந்த ஊரில் ஒருவருக்கும் வரவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பணகுடியில் காற்றாலைக் கம்பெனியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். காற்றாடிகளின் நடுக்கத்தைக் கணினித் திரையில் கோடுகளாகப் பார்த்தே, எதற்குள் எந்தப் பல்சக்கரம் தேய்கிறது என்று சொல்லிவிடுகிறவள். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடும், காய்கறி நிறுப்பவரோடும், வரிசையில் முன்னால் நின்றவரோடும் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாலு கல்யாணத்துக்கு அழைப்பு வாங்கிவிடுவாள் என்று அவளுடைய அக்கா செண்பகம் சொல்வாள். அப்படிப்பட்டவள் ஸ்டில்விக்கின் ரொட்டிக்கடையிலும் பஸ்ஸிலும் மாடிப்படியிலும், புத்தகம் வைத்துப் படித்த டேனிஷ் மொழியில், பார்த்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொன்னாள். அவர்கள் அவளுடைய உதடு அசைவதைப் பார்த்தார்கள், சத்தம் எதுவும் வராததைக் கவனித்தார்கள், பேச்சு வராத பெண்போல என்று நினைத்துக்கொண்டு, அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதையில் தலையை லேசாக அசைத்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவளுக்கோ தன் பேச்சு தன் மண்டைக்குள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆகவே இது பதில் சொல்லாத ஊர் என்று எண்ணிக்கொண்டாள். அலுவலகத்திலும் ஆளுக்கொரு திரை, கேள்வி பதில் எல்லாம் எழுத்தில்தான். தொலைபேசியில் அக்காவோடு பேசும்போது மட்டும் குரல் உடனுக்குடன் பணகுடிக்குப் போய்ச் சேர்ந்தது, அதனால் சந்தேகப்பட இடமே இல்லாமல் போயிற்று.

பத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரைக்கு, அவள் துணிகளை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த சலவை அறைக்குப் போனாள். அங்கே முதல் மாடி பிர்தா தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் பிர்தா, பக்கத்து நகரத்து ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பேச்சித்தாய் மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்று நாளாக மனப்பாடம் பண்ணியதைச் சொன்னாள். பிர்தா அவளுடைய உதட்டையே பார்த்தாள், புன்னகைத்தாள், தலையசைத்தாள், துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு, மறந்துவிட்டுப்போன ஓர் உறையைத் தேடி பிர்தா திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை. ஆனால் இரண்டாவது இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்குரல் தெளிவாகப் பேசியது: “வணக்கம். என் பெயர் பேச்சித்தாய். மூன்றாவது மாடியில் இருக்கிறேன். நான் நன்றாகக் காப்பி போடுவேன். நீங்கள் ஒருநாள் வருவீர்களா?” பிறகு ஒரு நீண்ட இடைவெளி, யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல. அப்புறம் புரியாத மொழியில் ஏதோ இரண்டு சொல், ஒரு பெருமூச்சு.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். உடம்பில்லாத குரலும் பிந்தி வருவதும் பிர்தாவுக்கு வாழ்நாள் முழுக்கப் பழகிய விஷயங்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், விரல்விட்டு எண்ணினாள். ஆனால் அழைக்காமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அந்த ஊரில் வழக்கமில்லை என்பதால், நாலு நாள் யோசித்துவிட்டு, மூன்றாவது மாடிக் கதவின் தபால் துவாரத்தில் ஒரு சீட்டைப் போட்டாள். அதில் இப்படி இருந்தது: “உன் குரல் மத்தியானம் ஒரு மணிக்குச் சலவை அறைக்கு வந்து சேர்ந்தது. தாமதம் நாலரை மணி நேரம். காப்பிக்கு வருகிறேன். பிர்தா.”

பேச்சித்தாய் அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நின்று, “ஏட்டி பேச்சி, இருக்கியா?” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். பன்னிரண்டரைக்கு அடுப்புப் பக்கமிருந்து அவளுடைய குரலே, “ஏட்டி பேச்சி, இருக்கியா?” என்றது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு, தொலைபேசியில் அல்லாமல், அவளை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காப்பிக்கு வந்த பிர்தா, ஒரு தாளில் எழுதிக் கேட்டாள், உன் ஊரில் இப்போது மணி என்ன என்று. பதிலைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“இங்கே எட்டரை என்றால் அங்கே ஒரு மணி. எட்டரைக்கு நீ சொன்னது இங்கே ஒரு மணி அடிக்கும்போதுதான் வெளியே வந்தது. நீ வந்துவிட்டாய். உன் குரல் இன்னும் உன் ஊர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.”

“டாக்டரிடம் போக வேண்டுமா?” என்று பேச்சித்தாய் எழுதினாள்.

“தொண்டை வலிக்கிறதா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்படியென்றால் எதற்கு? பிந்தி வருகிறது, வராமல் இல்லையே” என்றாள் பிர்தா.

அக்காவிடம் சொன்னபோது அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். “ஒனக்கு வாய் நீளம்னு ஊரே சொல்லும். நாலரை மணி நேரம் நீளம்னு இப்பல்லா தெரியுது.”

இப்படியாக விஷயம் வெளியே வந்தது, வெளியே வந்த பிறகு அந்த ஊர் அதற்கு ஏற்றபடி தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. இரண்டாவது மாடிக்காரர் ஒருவர், காலை பதினொன்றரைக்கு ஆளில்லாத வீட்டிலிருந்து தினமும் அந்நிய மொழியில் பேச்சு கேட்கிறது, ஒருவர் தங்கவேண்டிய வீட்டில் இருவர் தங்குகிறார்களோ என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் கூடி இருபது நிமிஷம் பேசி, குரல் குடியிருப்பவருடையதே, ஆகவே அது கூடுதல் ஆள் ஆகாது, பதினொன்றரை மணி என்பது சத்தம் போடக் கூடாத நேரமும் ஆகாது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. ரொட்டிக்கடை நீல்ஸ், காலை எட்டுக்கு அவள் ரொட்டி வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவதை மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கேட்டான்: “இன்றைக்குக் காற்று பலமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஆடி மாசம் அடிக்கும் காற்றில் தகரக்கூரை பக்கத்துத் தெருவில் போய் இறங்கும், அப்புறம் அது யாருடைய கூரை என்று ஒரு வாரம் சண்டை நடக்கும்.” கடையில் நின்ற ஐந்தாறு பேரும் கேட்டுச் சிரித்தார்கள். மறுநாள் அவளுக்குக் கொடுத்த ரொட்டிப் பையின்மேல் நீல்ஸ் பென்சிலால் எழுதியிருந்தான்: “என் மாமாவின் படகு ஒருமுறை பறந்துபோய்ப் பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கியது. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் விடுமுறை.”

அதற்குப் பிறகு பன்னிரண்டரைக்கு ரொட்டிக்கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஸ்டில்விக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, கூச்சக்காரர்கள். முகத்துக்கு முகம் நின்று ஒரு புதிய ஆள் கேள்வி கேட்டால் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, சொல்லிவிட்டு எப்படி நகர்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள். அவர்களுக்கு, கேட்டவள் பக்கத்தில் இல்லாமல் கேள்வி மட்டும் காற்றில் நிற்பது பெரிய வசதியாக இருந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்கள், வீட்டுக்குப் போய் யோசித்தார்கள், மறுநாள் சீட்டு எழுதிக் கடையில் வைத்தார்கள். உன் அக்காவின் ஆடு குட்டி போட்டதா என்று ஒரு சீட்டு. நீ சொன்ன புளிக்குழம்பு எப்படி வைப்பது என்று ஒரு சீட்டு. என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது, நீ நேற்று சிரித்த சிரிப்பைக் கேட்க இன்றைக்கும் வந்தேன் என்று, பெயர் எழுதாமல் ஒரு சீட்டு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நாடு முழுக்கக் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தபோது, தாமதம் மூன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அது தெரியாமல் பன்னிரண்டரைக்கே வந்தவர்கள் ஒரு நாள் முழுப் பேச்சையும் தவறவிட்டு மனம் வருந்தினார்கள். பிர்தா புதிய நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

எல்லோரும் அவளைக் கேட்டார்கள், எல்லோரும் அவளுக்கு எழுதினார்கள். ஆனால் யாரும் அவளோடு ஒரே நொடியில் சிரித்ததில்லை. அவள் சொன்னதைக் கேட்டு ஊர் சிரிக்கும்போது அவள் நாலு மைல் தள்ளித் திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவர்களுடைய சீட்டைப் படித்துச் சிரிக்கும்போது அவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பிர்தாவிடம் மட்டும் ஒருநாள் எழுதிக் காட்டினாள். பிர்தா அதைப் படித்துவிட்டு அவளை இங்ரிட்டிடம் கூட்டிப்போனாள். இங்ரிட் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுப்பாட்டு நடத்துகிறவள். இருபத்திரண்டு பேர் பாடும் குழு அது.

இங்ரிட் நிற்காமல் நடந்துகொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள், “பதினொன்றரைக்கு நீ தனியாக வந்து பாடினால், மூன்று மணிக்கு உன் குரல் எங்களோடு இருக்கும், இல்லையா?”

அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமைதோறும் பதினொன்றரைக்கு பேச்சித்தாய் காலிக் கூடத்தில், இங்ரிட் பதிவுசெய்து கொடுத்த தாளக்கட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, தன் இடத்தில் நின்று கீழ்க்குரல் பகுதியைப் பாடினாள். மூன்று மணிக்கு மறுபடி அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள், அப்போது அவளுடைய குரல் அவளுக்கு முன்னாலிருந்து எழுந்து மற்ற இருபத்திரண்டு குரல்களோடு கலந்தது. முதல் நாள் அது கலந்தபோது பக்கத்தில் நின்ற பெண் பாடிக்கொண்டே அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். பேச்சித்தாய்க்கு அந்த வாரம் முழுக்கக் கையில் அந்தச் சூடு இருந்தது.

ஆனாலும் கோடை போய் இலைகள் உதிர்ந்து இருட்டு சீக்கிரம் வரத் தொடங்கியபோது, கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: ஒரு வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா, அக்டோபர் முடிவதற்குள் சொல்லவும். அக்காவிடம் படித்துக் காட்டினாள்.

“வந்துரு பேச்சி,” என்றாள் செண்பகம். “ஒன் பேச்சக் கேக்க அங்க நேரம் எழுதி ஒட்டிருக்காவளாம். இங்க நீ வாயத் தொறந்தா ஒடனே கேப்போம்லா.”

“அவங்க நல்ல மனுசங்கதான்க்கா.”

“நல்லவங்கதாம்ட்டி. நான் இல்லன்னா சொன்னேன்? ராத்திரி ஒனக்குக் காய்ச்சல் அடிச்சா, யாத்தான்னு நீ கத்துனா, யாரு காதுல, எப்ப விழும்?”

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு மூன்று மணிக்குக் கூடத்தில் குழுவின் கச்சேரி. ஊரில் பாதிப் பேர் வருவார்கள். அன்றைக்குக் காலை பதினொன்றரைக்கு பேச்சித்தாய் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று மூன்று பாட்டையும் பிசகில்லாமல் பாடினாள். பாடி முடித்துவிட்டுப் போகாமல் நின்றாள். கச்சேரி முடிந்து கைத்தட்டல் அடங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் என்று எண்ணி, எழுதிக் கொடுக்க முடியாததை அங்கேயே வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு இங்ரிட் கையை உயர்த்தினாள். இருபத்திரண்டு குரல்கள் எழுந்தன. பேச்சித்தாயின் குரல் வரவில்லை. முதல் பாட்டு முழுக்க அவள் காத்திருந்தாள், வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை. அவள் இல்லாமலேயே பாட்டு நன்றாகத்தான் இருந்தது. சபையில் யாரும் எதையும் கவனிக்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள், அந்தக் கைத்தட்டல் ஒவ்வொன்றும் அவளுக்கு, நீ போகலாம், குறை ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல இருந்தது. அப்போது முதல் வரிசையில் பிர்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வதைக் கண்டாள்.

“கடிகாரம்!” என்றாள் பிர்தா, அரைமணி நேர நன்றியுரை முடிந்து காப்பிக் கோப்பைகளும் கேக் தட்டுகளும் கைமாறத் தொடங்கியதும் ஓடிவந்து. “நேற்று இராத்திரிதானே மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள்! மூன்றரை இல்லை, நாலரை! முப்பத்தோரு வருஷம் ரயில் நேரம் சொன்ன எனக்கு இது தோன்றவில்லையே. உன் பாட்டு நாலு மணிக்குத்தான் வரும்.”

பாட்டு நாலு மணிக்கு வரும். பாட்டுக்குப் பின்னால் மற்றதும் வரும். சுவரில் மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவள் மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக் கதவுக்கு நடந்தாள். கைப்பிடியைத் தொட்டபோது மேடையிலிருந்து அவளுடைய குரல் எழுந்தது.

கீழ்க்குரல் மட்டும் தனியாக வந்தது. பாட்டின் மெட்டு அதில் இல்லை, மெட்டைத் தாங்கும் அடிப்பகுதி மட்டும்தான். சுவரில்லாமல் நிற்கும் தூண்கள்போல அது காலி மேடையில் நின்றது. பேச்சு நின்றது. கரண்டிகள் நின்றன. இங்ரிட் கேக் தட்டை அருகிலிருந்த யாருடைய கையிலோ கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கையை உயர்த்தினாள். காப்பிக் கோப்பையோடு நின்ற ஒருவர் தன் பகுதியைப் பாடிச் சேர்ந்துகொண்டார், பிறகு ஜன்னல் பக்கத்திலிருந்து இருவர், பிறகு சமையல் கட்டிலிருந்து ஈரக்கையோடு ஒருத்தி, அப்படியே இருபத்திரண்டு பேரும். இரண்டாவது பாட்டுக்குச் சபையும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. நீல்ஸ் சுருதி சேராமல் உரக்கப் பாடினான். அவர்கள் எல்லோரும் அவளுடைய குரல் போன வேகத்தில் போனார்கள், அது மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள். பேச்சித்தாய் கைப்பிடியை விடாமல், திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் குரல் இன்னும் போகவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டது.

“நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்,” என்றது, மெதுவான டேனிஷ் மொழியில். “திரும்பி வர மாட்டேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் எனக்காகக் காத்திருந்து கேட்டீர்கள். அப்படிக் காத்திருந்து கேட்பவர்கள் எங்கள் ஊரில்கூட இல்லை. நன்றி.”

நீல்ஸ்தான் முதலில் முன்னால் வந்தான். அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூட நேரில் பேசியதில்லை. அவனுடைய காது மடல் சிவந்திருந்தது.

“பையில் எழுதிக் கொடுக்க நேரமில்லை,” என்றான். “அதனால் இப்போதே சொல்கிறேன். போகாதே.”

அவன் பின்னால் பிர்தா நிமிர்ந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முப்பத்தோரு வருஷக் குரலில் அறிவித்தாள்: “பயணிகளின் கனிவான கவனத்துக்கு. வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டிய பயணம் ரத்து செய்யப்படுகிறது. பயணிகள் கோட்டைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கவும்.”

கூடமே சிரித்தது. பேச்சித்தாயும் சிரித்தாள், அவளுடைய சிரிப்பின் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் தோள் குலுங்குவதும் கண்ணில் நீர் வழிவதும் தெரிந்தன, எல்லோரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். பிறகு அவள் உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். அப்போது மணி நாலு இருபது. என்ன சொன்னாய் என்று யாரும் தாளை நீட்டவில்லை. எட்டு ஐம்பதுக்குத் தெரிந்துவிடும் என்று, ஒருவரும் வீட்டுக்குப் போகாமல், கோப்பைகளைக் கழுவினார்கள், ரொட்டியும் மீனும் வரவழைத்துச் சாப்பிட்டார்கள், சீட்டு விளையாடினார்கள். சரியாக எட்டு ஐம்பதுக்கு முதலில் அவளுடைய சிரிப்பும், அதன் பின்னால் வார்த்தைகளும் வந்தன.

“சரிப்பா, போகல.”

அது தமிழில் இருந்தது. நாலரை மணி நேரம் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்துபோய், இத்தனை நேரமும் கழற்றாமல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் அக்கா, “நீ போகலன்னு சொன்னப்போ அவங்க என்ன செஞ்சாவ?” என்று மட்டும் கேட்டாள், நாலரை மணி நேரம் உட்கார்ந்து காத்திருந்தார்கள் என்ற பதிலைக் கேட்டுவிட்டு, “அப்பம் இருந்துட்டு வா,” என்றாள். அந்த வாரமே பிர்தா தன் வீட்டுக்கும் மூன்றாவது மாடிக்கும் இடையே ஒரு மணிக்கயிறு கட்டிவைத்தாள், காய்ச்சல் வந்தால் இழுப்பதற்கு.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் பொதுச்சாப்பாட்டுக்காகக் கூடத்தின் சமையல் அறையில் பேச்சித்தாயும் பிர்தாவும் இங்ரிட்டும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி. வாசல் பக்கமிருந்து ஓர் ஆணின் குரல், உடைந்த டேனிஷ் மொழியில், தயங்கித் தயங்கி, “மன்னிக்க வேண்டும், இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. வெளியே விழுந்திருந்த பனியில் காலடித் தடமும் இல்லை.

பேச்சித்தாயோ யோசிக்கவே இல்லை, நிமிர்வதற்கு முன்பே வாயைத் திறந்து பதில் சொல்லியிருந்தாள். சொன்ன பிறகுதான் சொன்னது நினைவுக்கு வந்து, வெட்கத்தோடு மற்ற இருவரையும் பார்த்தாள்.

“இது பிந்தி வந்த குரல் இல்லை,” என்றாள் பிர்தா கத்தியை வைத்துவிட்டு. “முந்தி வந்த குரல். மேற்கிலிருந்து யாரோ வந்திருக்கிறார், அங்கெல்லாம் மணி நமக்குப் பின்னால்தானே. ஆள் இனிமேல்தான் வருவார்.”

“எப்போது?” என்றாள் இங்ரிட்.

“அது எனக்குத் தெரியாது. இவள் பதில் இரண்டரைக்கு ஒலிக்கும், அது மட்டும் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு கோப்பை கூடுதலாக வைப்போம்.”

இரண்டரைக்குக் கதவு திறந்தது. கனடாவின் கிழக்குக் கோடியில், ஸ்டில்விக்குக்கு நாலரை மணி நேரம் பின்னால் கடிகாரம் ஓடும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்து மூன்று வாரமான டெர்மட் என்பவன், தாடியில் பனியோடு, சாப்பாட்டுக் கூட்டத்தின் அறிவிப்புத் தாளைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றான். மூன்று வாரமாக யாரும் பதில் சொல்லாத முகம் அது. பேச்சித்தாய்க்கு அந்த முகம் உடனே புரிந்தது. அவன் உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை. பதில் வராது என்று பழகிப்போனவன், கேட்கும்போதே திரும்பிப் போக ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்தான்.

“இருக்கிறோம், உள்ளே வாருங்கள்,” என்றது அவளுடைய குரல், கிழங்குத் தொட்டிக்கு மேலிருந்து, அவன் உதட்டை மூடுவதற்கும் அது ஒலிப்பதற்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லாமல்.

அவன் நின்றான். யார் பேசியது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பேச்சித்தாய் வாய் திறக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேட்ட நொடியிலேயே பதில் கிடைத்தது அவனுக்கு அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. கேட்டவருக்கு அந்த நொடியிலேயே பதில் சொன்னது அவளுக்கும்தான்.